தெம்புக்கு ஒரு ஃபிளாஸ்க் சூப்

எடை பார்க்கும் மெஷினை வராண்டாவில் கொண்டுபோய் வைத்தது யார் என்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கத் தனி அறை இருக்கிறது. பிரஷர் பார்க்கத் திரை போட்ட மூலை இருக்கிறது. எடைக்கு மட்டும் வராண்டா. ஒரு பக்கம் டயாலிசிஸுக்குக் காத்திருப்பவர்கள், எதிர்ப்பக்கம் அவர்களுடன் வந்தவர்கள், நடுவில் அந்தத் தகடு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால், பக்கத்தில் நிற்கிற உதவியாளர் அம்மா, உள்ளே உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்குக் கேட்க வேண்டுமென்று எண்ணைக் கூவுவார். மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது கூவுவார்களே, அதே குரல். அந்த எண்ணைக் கேட்டு நிமிர்ந்து பார்க்காத ஒரு முகத்தை நான் அங்கே கண்டதில்லை.

நான் அங்கே போனது தம்பிக்காக. அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஒன்றை நான் தருவதாக இருந்தது. இரத்த வகை சேர்ந்தது, மற்ற சோதனைகளும் சேர்ந்தன. "எல்லாம் சரிம்மா, ஆனா இந்த எடையோட உங்களை டேபிள்ல ஏத்த மாட்டோம்" என்றார் பெரிய டாக்டர். மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து, எனக்கு மிஞ்சப்போகிற ஒரே கிட்னிக்கும் பின்னால் பாரம். எங்கள் கண்காணிப்பிலேயே குறைத்துக்கொள்ளுங்கள் என்று எடைக் குறைப்புப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இத்தனைக்கு இறங்க வேண்டும் என்று ஓர் எடையைச் சொன்னார்கள். அதைத் தொட்டால்தான் ஆபரேஷனுக்குத் தேதி.

அதுவரை தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். அளந்து கொடுக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு நாளை ஓட்ட வேண்டும். அக்னி வெயிலில் ஒரே ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைந்துவிடுமோ என்ற பயத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் அவன் தொண்டை ஏறி இறங்குவது தெரியும். நான் எவ்வளவு சீக்கிரம் இளைக்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் அவன் தண்ணீர் குடிப்பான். கணக்கு அவ்வளவுதான்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு. கீழே தம்பியும் அவன் மனைவியும், மாடியில் நான். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். ஆஸ்பத்திரியில் அவருடைய சம்மதத்தைக் கேட்டபோது, "அவ ஒடம்பு, அவ தம்பி. நடுவுல நான் யாரு சார்?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம். மேற்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருக்கிறது. வளையல், கிளிப், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்கள் பேசுவதைக் கேட்டுப் படித்ததுதான். ஜனங்கள் அழகாகப் பேசுகிறார்கள். என் உடம்பைப் பற்றிப் பேசும்போது இன்னும் அழகாகப் பேசுகிறார்கள்.

"அக்கா, நீ குந்திகினாதான்க்கா கடையே ரொம்பினாப்ல கீது." இது பூ விற்கிற பெண். "அக்கா, ரெண்டு பேருக்கு காசு குடுத்துடுங்க, பின்னாடி சீட்டு ஃபுல்லா உங்களுக்குத்தான்." இது ஷேர் ஆட்டோக்காரர். எங்கள் பெரியம்மாவின் வாய் இதற்கெல்லாம் மேலே. அம்மாவின் அக்கா அவள். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்த உடனே பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "டேய், இவளுக்கு அப்புறமா போடு, மொதல்ல பின்வரிசை சனம் துன்னட்டும்" என்பாள். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் "இன்னாடி, ஒரு பேச்சுக்குச் சொன்னா கோச்சிக்கிறே" என்று அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேதான் இருக்கிறது, புளித்துப்போய்.

ஆனால் கிட்னி விஷயம் சொந்தத்தில் பரவியதும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை காலம் வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று சொன்ன அதே ஜனம், டாக்டரே வாயைக் கட்டச் சொன்ன பிறகு, சாப்பிடு சாப்பிடு என்று ஆரம்பித்தது. குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். தம்பியும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில். அவனுக்கு ரசம் கூடாது, பாயசம் கூடாது, தண்ணீர் டம்ளரே கூடாது. எனக்குக் காயும் கொஞ்சம் சோறும் பருப்பும். பெரியம்மா எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாடி எலையில பாதி காலியா கீது? எப்பா, இங்க ரெண்டு வடை போடு, அந்த அல்வாவை இப்படிக் குடு."

"வேணாம் பெரியம்மா. டாக்டரு கொறைக்கச் சொல்லியிருக்காரு."

"டாக்டரு சொல்வான். அவனா படுக்கப் போறான்? ஒடம்புல இருக்கறத அறுத்துக் குடுக்கப் போறே, தெம்பு வேணாவா? இத்தினி நாளு கேக்காமலே துன்னியே, இப்போ நாங்களா குடுக்க சொல்லோ பிகு பண்றியே?"

பரிமாறுகிறவன் அவள் சொன்னபடியே அல்வாவை என் இலையில் வைத்தான். தம்பி தன் இலையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, உன் அல்வாவையும் என் பாயசத்தையும் சேத்தா ஒரு மனுஷனுக்குச் சாப்பாடு" என்றான். அவன் மட்டும்தான் நான் சிரிக்க வேண்டும் என்று என்னைச் சிரிக்க வைக்கிறவன். மற்றவர்கள் எல்லாம் தாங்கள் சிரிக்க என்னைச் சிரிக்க வைக்கிறவர்கள்.

கடையிலும் நிம்மதியில்லை. கொள்ளுக் கஞ்சி குடி, ஏதோ ஒரு பொடியை வெந்நீரில் கலக்கிக் குடி என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். பொடி எதையும் தொடக்கூடாது, கிட்னியைக் கெடுக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் தொடவில்லை. எடைக் குறைப்புப் பிரிவில் எனக்குச் சாப்பாட்டுத் திட்டம் போட்டுக் கொடுத்த டயட்டீஷியன் பெண் சொன்னது எதையும் மீறவில்லை. காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். முட்டி கடகடவென்று சத்தம் போடும், நடந்தேன். சாப்பாட்டை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது தம்பி மனைவி.

"அண்ணி, நீங்க கடையையும் பாத்துக்கிட்டு இதையும் தனியா செஞ்சுக்கிட்டு எதுக்கு? அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சோ அதை எங்கிட்ட சொல்லுங்க. உங்க சாப்பாடு என் பொறுப்பு."

செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். கைப்பக்குவம் என்றால் அவளிடம் பார்க்க வேண்டும். மதியத்துக்குக் கூட்டு, சின்னக் கிண்ணத்தில் சோறு. சாயங்காலம் பசிக்கிற நேரத்துக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் சுரைக்காய் சூப், காலையிலேயே கட்டிக் கொடுத்துவிடுவாள். சுரைக்காய்க்கு இப்படி ஒரு ருசியா என்று நான் வாயாரப் புகழ்வேன். அவள் தலையைக் குனிந்து சிரிப்பாள். பசியில் இருக்கிறவளுக்கு எது கொடுத்தாலும் ருசியாகத்தான் இருக்கும் என்று நான் என்னையே சமாதானம் செய்துகொள்வேன்.

முதல் தடவை மெஷினில் ஏறியபோது முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த தடவை இறங்கவில்லை. அதற்கடுத்த தடவை ஏறியிருந்தது. உதவியாளர் அம்மா கூவினார். வராண்டா நிமிர்ந்து பார்த்தது.

டயட்டீஷியனுக்கு என் மகளாக இருக்கும் வயது. கண்ணாடி, கையில் பேனா. கதவைச் சாத்தக்கூட இல்லை.

"மேடம், நான் குடுத்த பிளான் ஃபாலோ பண்ணா வெயிட் ஏறாது. ஹானஸ்டா சொல்லுங்க, நடுவுல என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ சொன்னதுதான்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. கடையில உக்காந்திருக்கும்போது தெரியாம ஒரு பிஸ்கட், ஒரு டீ, ஒரு முறுக்கு..."

"டீயே விட்டுட்டேன்மா."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

வெளியே யாரோ இருமலை அடக்கியது எனக்குக் கேட்டது. பருமனானவள் பசியோடு இருக்கிறேன் என்றால் இந்த உலகத்தில் யாரும் நம்புவதில்லை. என் உடம்பே எனக்கு எதிரான சாட்சி. மேசையிலிருந்த என் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதன் பிறகுதான், ஆபரேஷன் வேலைகளை ஒருங்கிணைக்கிற ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த அறையின் கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். மிக மெதுவாகப் பேசினார். "பயமா இருக்கறது சகஜம். குடுக்க மனசு இல்லைன்னா தப்பே இல்லம்மா. எங்ககிட்ட சொல்லுங்க போதும். மெடிக்கலா சரிவரலைன்னு நாங்களே உங்க வீட்ல சொல்லிடுவோம். உங்க பேரு கெடாது."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தபோது காது சூடானது. நான் வேண்டுமென்றே சாப்பிடுகிறேன் என்கிறார்கள். தம்பிக்குக் கொடுக்காமல் தப்பிக்க, வாயால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு, தின்று தின்று காலத்தை ஓட்டுகிறேன் என்கிறார்கள். அந்த அம்மா நல்லவர்தான். அப்படிக் கேட்பது அவருடைய வேலை, எத்தனையோ பெண்களை அது காப்பாற்றியிருக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எழுந்து நின்று, "நான் குடுக்கத்தான் வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீரைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரி நினைத்ததைச் சொந்தம் அதற்கு முன்பே நினைத்துவிட்டிருந்தது. பெரியம்மா யாரிடமோ சொல்லி, அது சுற்றிச் சுற்றி என் கடை வாசலுக்கே வந்தது. "குடுக்க மனசு இல்லாதவ துன்னே தப்பிச்சிக்கிறா." அல்வாவை வைக்கச் சொன்ன அதே வாய்!

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். தம்பி கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. டயாலிசிஸ் முடிந்து அவனைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வருகிறேன். ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தான், முகம் சாம்பலாக. பொத்தேரி போகிற காலேஜ் பிள்ளைகள் ஒரு பாட்டில் ஜூஸைக் கை மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், என் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"அக்கா. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நீயுமாடா?"

தாம்பரம் வந்தது, இறங்கினோம். படிக்கட்டில் அவன் கையைப் பிடிக்கப் போனேன், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் கடையில் ஆடி மாதத்துக் கூட்டம், அம்மன் கோயிலுக்கு வளையல் வாங்குகிறவர்கள். சூப் குடிக்க நேரமே இல்லை. வீணாக்கக்கூடாது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் டப்பாவைத் திறந்தால் சூப்பைக் காணோம். மேலே வெள்ளையாக ஒரு மூடி. விரலால் குத்தினேன். உறைந்த நெய். விரல் கனம். அதை உடைத்துவிட்டுக் கரண்டியால் கலக்கினால் அடியில் அரைத்த முந்திரி, மாவு மாதிரி.

டப்பாவோடு கீழே இறங்கினேன். தம்பி மனைவி அடுப்படியில் இருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் முந்திரி ஊறிக்கொண்டிருந்தது. டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

"அண்ணி..."

"கூட்டுலயும் போட்டியா?"

"கொஞ்சம்... தேங்காப்பால்தான்."

"என்னாத்துக்குடி?"

"எங்க அம்மா வீட்ல ஆபரேஷன்னா மொதல்ல ஒடம்பைத் தேத்துவாங்க அண்ணி. நீங்க ஒரு கிண்ணம் சோத்தைத் தின்னுட்டு மாடியேறும்போது மூச்சு வாங்கறீங்க. அந்த ஒடம்புல கத்தி வெச்சா தாங்குமா? அவருக்குக் குடுத்துட்டு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட இந்த வூட்ல நடமாடறது? எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

அழுதாள். நான் அழவில்லை. இந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கட்டிக்கொள்ளவில்லை. ஊறிய முந்திரியைத் தூக்கிக் கழுவுகிற தொட்டியில் கொட்டினேன். "ரெண்டு பேரும் வேணும்னு ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தியேடி" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். நான் படியேறினால் மூச்சு வாங்குவது சோறு குறைந்ததால் அல்ல, எடை குறையாததால் என்று எத்தனை முறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டருக்கு ஒரு காது கொடுப்பார்கள், டயட்டீஷியனுக்கு ஒரு காது கொடுப்பார்கள். சோறு போடுகிற விஷயத்தில் மட்டும் எங்கள் ஜனத்துக்குக் காதே கிடையாது. நன்றி என்றாலும் சோறு, பயம் என்றாலும் சோறு. நான் வாங்கிக் கட்டிக்கொண்ட அவமானத்தையெல்லாம் அவள் நெய்யில் வதக்கிப் போட்டிருக்கிறாள்.

சத்தம் கேட்டுத் தம்பி அறையிலிருந்து வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா" என்றான். அதற்கு மேல் கேட்க நிற்காமல் மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். டயட்டீஷியன் முன்னால் நிறுத்தி, "சொல்லு" என்றேன். நெய், முந்திரி, தேங்காய்ப்பால், எது எவ்வளவு என்று அவள் விக்கி விக்கிச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டு, "ஓ. ஓகே. இனிமே தனியா சமைச்சுக்கோங்க மேடம்" என்றாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். "மெஷின் பொய் சொல்லுதா" என்று கேட்ட வாய்க்கு, "நீங்க பொய் சொல்லலை" என்று ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. அது இன்றுவரை எனக்கு வந்து சேரவில்லை.

அதற்கப்புறம் என் சமையல், என் அடுப்பு. தம்பி மனைவி காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு என் கண் முன்னாலேயே கையைக் கழுவிக்கொண்டு போவாள். பல நாள் நான் அவளோடு பேசவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் மௌனம் காக்க முடியும்? அதுவும் நான்! முள் இறங்க ஆரம்பித்தது. அது நின்ற வாரங்களில் டாக்டரே, இது இப்படித்தான் நின்று நின்று இறங்கும், பயப்படாதீர்கள் என்றார். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள். தம்பி வராண்டாவில் தன் முறைக்கு உட்கார்ந்திருந்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். உதவியாளர் அம்மா குனிந்து பார்த்து, வழக்கம்போலக் கூவினார். அதுதான் அந்த எடை. டாக்டர் சொன்ன எடை.

தம்பி எழுந்துவிட்டான். "யக்கா," என்றான் அந்த உதவியாளர் அம்மாவைப் பார்த்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க. உள்ள சரியா கேட்டிருக்காது."

"கேட்டிச்சுப்பா, எழுதிட்டாங்க."

"கேக்கலக்கா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எங்க அக்கா எனக்கு கிட்னி குடுக்கறதுக்காகக் கொறைச்ச வெயிட்டு அது."

அந்த அம்மா அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பின்னாலிருந்த சுவர் அதிரக் கூவினார். வராண்டா முழுக்க நிமிர்ந்து பார்த்தது. நான் அந்தத் தகட்டிலிருந்து இறங்கவே இல்லை. எனக்கு அப்போது வந்தது சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. தாம்பரத்துப் படிக்கட்டில் கம்பியைப் பிடித்த கை ஞாபகம் வந்தது. "இப்பத்தான் நம்பிக்கை வந்திச்சாடா உனக்கு?" என்றேன். "அடிக்கணும்னா வீட்ல போய் அடி" என்று சொல்லிவிட்டு என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான்.

ஆபரேஷன் நடந்தது. இரண்டு பேரும் பிழைத்தோம். மாடிப்படி ஏறக்கூடாது என்று என்னையும் கீழேயே, தம்பிக்கு எதிர் அறையில் படுக்க வைத்திருந்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பெரியம்மா வந்தாள். அவள் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூட வைத்துத்தான் உள்ளே விட்டோம். அந்த வாய் மூடியிருந்தது என்று நினைத்தால் நான்தான் ஏமாளி.

"இன்னாடி இது, இப்புடி வத்திப்போய்க் கீறே? மூஞ்சில களையே இல்லியே. முன்னாடி எப்புடி ரொம்பினாப்ல இருந்தே. யாருன்னா பாத்தா வூட்ல சோறு போடலன்னு நெனப்பாங்கோ."

நான் படுத்திருந்த இடத்திலிருந்தே சொன்னேன். "பெரியம்மா, அந்தச் சொம்புல தண்ணி எடுத்துக்கினு போய் தம்பி ரூம் வாசல்ல நின்னு அவனுக்குக் குடு. இப்போ அவனை நெறைய குடிக்கச் சொல்லியிருக்காங்க. அவன் குடிக்கறத நின்னு பாரு. பாத்துட்டு வந்து என் மூஞ்சியப் பத்திப் பேசு."

போனாள். எதிர் அறையில் தம்பி குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மடக் மடக்கென்று, நடுவில் நிறுத்தாமல். சொம்பை வைக்கிற சத்தம். பிறகு, "இன்னும் கொஞ்சம் குடு பெரியம்மா."

அவள் திரும்பி என் அறைக்கு வரவில்லை. வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி மனைவி உள்ளே வந்து, பெரியம்மா விட்டுப்போன எவர்சில்வர் டப்பாவை என் முன்னால் திறந்து காட்டினாள். நெய் லட்டு. மேலே முந்திரி குத்தி வைத்திருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எங்கயாவது கொண்டுபோய்க் குடுத்துடு" என்றேன். "இந்த வூட்ல மட்டும் வேணாம்."